பர்சோ என்றால் எந்த நாள்?

கப்பலில் சரக்கு ஏற்றிவிடும் ஏஜெண்டின் குமாஸ்தாவுக்கு இரண்டு கைகள் போதாது. ஷிப்பிங் பில்லைப் பல்லில் கவ்விக்கொண்டு கேட் பாஸுக்காகச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. காவலர் பாஸைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரைக் உண்டா இல்லையா என்று என்னைக் கேட்டார். துறைமுகத்துக்குள் நாள் முழுக்க நிற்பவர் அவர். செம்பூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவன் நான்.

எண்பதுகளில் ஓர் அக்டோபர் அது. பம்பாய்த் துறைமுகத்தில் அந்த வாரம் எல்லோரும் எல்லோரையும் இதையேதான் கேட்டார்கள். அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு டீ ஆறுவதற்குள் மூன்று வதந்திகள் வந்துவிடும்.

அப்பளம்

மாட்டுங்காவிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு அப்பளம் அனுப்பும் ராஜாமணி மாமி மணிக்கொரு தடவை ஆபீசுக்குப் போன் செய்தார். வேலை நின்றால் பெட்டிகள் ஷெட்டில் கிடக்கும். கடற்காற்றில் அப்பளம் நமத்துவிடும். நாலு வருஷமாகக் கூலி உயரவில்லை என்று தொழிலாளர்கள் சொல்வதை அவருக்கு விளக்கினேன்.

"கேக்கட்டுமே, நியாயந்தானே. என் டப்பாவ ஏத்திட்டுக் கேக்கச் சொல்லுங்கோ."

டீக்கடையில்

செல்லையா சரக்கு ஏற்றும் ஒரு கூட்டத்துக்கு மேஸ்திரி. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்தவர். தமிழில் ஆரம்பிக்கும் பேச்சு இந்தியில் போய் முடியும். யூனியன் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருபவர் என்பதால், அவர் வாயிலிருந்து வந்தால் எங்களுக்கு அது வதந்தி அல்ல, செய்தி. புதன்கிழமை காலை டீக்கடையில் அவரைப் பிடித்தேன். "ஸ்ட்ரைக் நோட்டீஸ் எப்போ, செல்லையா?"

டீயைச் சாஸரில் ஊற்றிக்கொண்டே, "பர்சோ," என்றார்.

நாளன்றைக்கு. அதாவது வெள்ளிக்கிழமை. நோட்டீஸ் கொடுத்தால் பதினான்கு நாள் கழித்துத்தான் வேலையை நிறுத்தலாம். விரல் விட்டு எண்ணினேன். இரண்டு வாரமும் இரண்டு நாளும் கையில் இருந்தன. என் முகம் தெளிந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"எங்களுக்கு நாலு வருஷமா நாள் ஓடிட்டிருக்கு சார். உங்களுக்கு இப்பத்தான் காலண்டர் ஞாபகம் வருது."

ஜிப்

அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனேன். மேலப்பாளையத்துக்காரரான மைதீன் பாய் அங்கே தோல் பைகள் செய்துவந்தார். மர ஏணியில் ஏறினால் மேலே பத்துப் பன்னிரண்டு மிஷின்கள். அவர் தைத்த பைகள் அதுவரை வேறு கம்பெனிகளின் பெயரில்தான் கப்பல் ஏறியிருந்தன. பெட்டியில் அவர் பெயர் எழுதிப் போவது இதுதான் முதல் தடவை. ஜெர்மனியில் ஒரு கடைக்கு, கிறிஸ்துமஸ் விற்பனைக்கு.

ஜிப்புகள் சிக்குவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் பிரித்துப் புது ஜிப் தைக்க நாள் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை ஒரு கப்பல் கிளம்புகிறது. அதற்கு அடுத்த வியாழக்கிழமை இன்னொன்று. ஸ்ட்ரைக் அதற்கும் பின்னால்தான். இரண்டாவது கப்பலே போதும், தாராளமாகப் பிரியுங்கள் என்றேன். தாராளமாக என்ற சொல்லை நான்தான் சொன்னேன்.

"கிறிஸ்மஸு நமக்காவ நிக்காதுவே. நாளு இருக்குன்னு நீரு சொன்னா இருக்கு."

சுவரில்

வெள்ளிக்கிழமை காலை, நோட்டீஸ் கொடுத்தார்களா என்று பார்க்க, வழக்கமாக நான் போகாத யூனியன் ஆபீஸ் பக்கத்து கேட் வழியாக உள்ளே போனேன். சுவரில் அது ஒட்டப்பட்டிருந்தது. பசை காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. தேதி அன்றையது அல்ல, திங்கட்கிழமையுடையது. நான் டீக்கடையில் விரல் விட்டு எண்ணியபோதே இரண்டு நாள் போயிருந்தது.

பர்சோ என்றால் நாளன்றைக்கு. முந்தாநாளும் அதே பர்சோதான். இந்திக்காரர்களுக்குக் குழப்பமில்லை, பின்னால் வரும் வினைச்சொல் எந்தப் பக்கத்து பர்சோ என்று சொல்லிவிடும். பம்பாய்த் தமிழர்கள் நாம் சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு வினையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஓடிப்போய்ச் செல்லையாவிடம் சண்டை பிடித்தேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"நான் போன பர்சோவச் சொன்னேன். நீங்க வர்ற பர்சோவுக்குப் போயிட்டா நான் என்ன சார் பண்ணுவேன்?"

ஏணி

அந்த ஏணியில் அவ்வளவு மெதுவாக நான் ஏறியதில்லை. மேலே பைகள் எல்லாம் வாய் பிளந்து குவிந்து கிடந்தன. முந்தின நாளே ஒன்று விடாமல் பிரித்துவிட்டார்கள். இரண்டாவது கப்பல் வரும்போது துறைமுகத்தில் ஆட்கள் இருக்கமாட்டார்கள், சனிக்கிழமைக் கப்பல்தான், எட்டே நாள் என்றேன். பன்னிரண்டு நாள் வேலை அது. காரணத்தையும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைதீன் பாய் ஒரு பையை எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பிறகு மிஷின்கள் பக்கம் திரும்பினார்.

"ஏல, கேட்டுக்கிடுங்க. நம்ம குமாஸ்தா அய்யாவுக்கு முந்தாநாளும் நாளன்னைக்கும் ஒண்ணு. இனி நமக்கு ராத்திரியும் பகலும் ஒண்ணு. உக்காருங்கல."

சங்கு

சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பெட்டிகள் டெம்போவில் வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. யூனியன் ஏற்கெனவே ஓவர்டைமை நிறுத்தியிருந்தது. ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் கை நின்றுவிடும், கப்பலும் கிளம்பிவிடும். ஏற்றியது செல்லையாவின் கூட்டம்தான். அவசரமும் இல்லை, சுணக்கமும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதீன் பாய் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாலு பெட்டிகள் கிரேனில் மேலே போய்க்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது. கிரேன் நின்றது. கீழே ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு நகரத் தொடங்கினார்கள். பெட்டிகள் கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் இறக்கினாலும் தூரம் ஒன்றுதான். ஒரு பெட்டியில் மைதீன் பாயின் பெயர் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. செல்லையா அண்ணாந்து பார்த்தார். பிறகு கிரேன்காரருக்கு உள்ளங்கையைக் கப்பல் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு பெட்டிகளும் கப்பலில் இறங்கின.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "உங்களுக்காக இல்ல சார். ஆளுங்க தலைக்கு மேல தொங்கவிட்டுட்டு யாராவது ஸ்ட்ரைக் பண்ணுவாங்களா?"

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது, யார் நாள் சொன்னாலும் என்ன கிழமை என்று கேட்டுவிட வேண்டும் என்ற ஒன்றைத்தான். அன்று நாங்கள் வெளியே வரும்போது கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரைத் தாண்டும்போது மைதீன் பாய், நோட்டீஸில் படபடத்துக்கொண்டிருந்த அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு நடந்தார்.