பதினெட்டாம் நம்பர் கையெழுத்து

பழுப்புக் காகித அட்டை போட்ட நீள நோட்டு அது. அதன் முதுகில் ஒரு துளையிட்டு, வாழைநாரைத் திரித்துக் கோத்து, நாரின் மறுநுனியில் நீலப் பேனா ஒன்றைக் கட்டியிருப்பார் எங்கள் செக்ரட்டரி மாமி. நார் சரியாக ஒரு முழம் இருக்கும். கையெழுத்துப் போட வசதியாகவும் இருக்க வேண்டும், போட்டவர் மறதியாகப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடவும் கூடாது. இரண்டையும் யோசித்து அளந்த நீளம். மறதிக்காரர் என்று அவர் மனதில் வைத்திருந்தது என்னைத்தான். அதற்கு முன் மூன்று பேனாக்கள் என் வீட்டோடு நின்றுபோயிருந்தன.

கரமனையில் ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்கும் எங்கள் தெருவில் இரண்டு வரிசையிலுமாக முப்பத்தாறு வீடுகள். நாளைக்குத் தண்ணீர் வராது, தெரு நாய்களுக்கு ஊசி போட வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் என்று எந்தச் செய்தியானாலும் மாமி அந்த நோட்டில் மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதுவார். மலையாளம் அசல் அரசாங்க நடையில் இருக்கும். தமிழ் வீட்டுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். அதன் கீழே வீட்டு எண்களுக்குக் கட்டம் போட்டு முதல் வீட்டில் கொடுத்துவிடுவார். படித்தவர் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஒரு வரிசையில் ஆற்றங்கரை வரை இறங்கி, எதிர் வரிசையில் ஏறி, மூன்றாம் நாள் நோட்டு மாமியிடம் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் அவர் நேரே என் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜின் மேல் பார்ப்பார்.

மாமியின் வீடு பதினாறாம் நம்பர், என்னுடையது பதினேழு. அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்துக்குச் செக்ரட்டரியாக அவரைத் தேர்ந்தெடுத்தது அவருடைய மலையாளத்துக்காக. எந்த அலுவலகத்துக்கும் அவர் எழுதின மனு திரும்பி வந்ததில்லை என்று தெருவில் ஒரு நம்பிக்கை. என்னை ஜாயிண்ட் செக்ரட்டரி ஆக்கியது வேறு காரணத்துக்காக. கூட்டத்துக்கு வராதவர்கள் தலையில் பதவியைக் கட்டுவது எங்கள் தெருவின் வழக்கம். நான் அன்று மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் தெருவில் எப்போதும் நாலைந்து வீடாவது பூட்டியிருக்கும். பிள்ளை பெங்களூரில், பெண் அமெரிக்காவில் என்று பெரியவர்கள் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருவார்கள். போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். நோட்டு வந்தால் சாவி வைத்திருப்பவரே அந்த வீட்டுக்காரர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிறோம், வந்த தபாலை எடுத்து வைக்கிறோம், அதோடு இதுவும் ஒன்று. கட்டம் காலியாக இருந்தால்தான் எங்களுக்கு உறுத்தும்.

தெருவின் கடைசியில் பதினெட்டாம் நம்பர் வீட்டை ஒட்டி ஆற்றுக்கு ஒரு நடைபாதை இறங்கியது. ஆற்றுவழி என்று சொல்வோம். இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டிய அகலம்தான். கீழே கடவு என்கிற படித்துறையில் பன்னிரண்டு கல்படிகள். ஆவணி அவிட்டத்துக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. நான் நீச்சல் பழகியதும், என் அப்பாவுக்குக் காரியம் செய்ததும் அந்தப் படிகளில்தான்.

மாமி மட்டும் ஒரு நாளும் ஆற்றில் கால் நனைத்ததில்லை. தண்ணீர் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். ஆனால் அவருடைய கணவர் இருந்தவரை விடியற்காலையில் கடவுக்குப் போய்க் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு ஆற்றுவழியாக ஏறி வருவார். கடவிலிருந்து பதினாறாம் நம்பர் வாசல் வரை தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம் கோடு போட்டிருக்கும். வெயில் ஏறும்வரை அது காயாது. அவர் போன பிறகும் மாமி காலையில் வாசல் தெளிக்க வந்தால் முதலில் ஆற்றுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாளியைக் கீழே வைப்பார். நான் அதை எத்தனையோ நாள் என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டதில்லை.

ஆற்றுவழிக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய தென்னந்தோப்பை ஒரு கட்டடக் கம்பெனி வாங்கியது. பதினான்கு மாடி வரப்போகிறது என்றார்கள். அவ்வளவு உயரத்துக்கு அனுமதி வேண்டுமென்றால் அகலமான சாலை வேண்டும். ஆற்றுவழியைத் தங்கள் சாலையோடு சேர்த்துக்கொள்ள அவர்கள் விண்ணப்பம் போட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதித் தரலாம் என்று ஒரு காகிதத்தை விளக்குக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். சுவரொட்டி என்று நினைத்து நான் அதைப் படிக்கவில்லை. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று கடைசி வரி வரை படித்தார்.

அந்த மனுவை எழுத அவருக்கு நான்கு நாள் ஆனது. முப்பத்தாறு வீடும் ஒரே குரலில் சொன்னால்தான் நிற்கும் என்பது அவர் கணக்கு. மனுவின் தாள்களை நோட்டுக்குள் வைத்து அனுப்பும்போது என்னைக் கூப்பிட்டுத் தனியாகவே சொன்னார்.

"இது கொசுமருந்து நோட்டீஸ் இல்லை, கேட்டேளா? பூட்டின வீட்டுக்காராளுக்கெல்லாம் போன் பண்ணிக் கேட்டுண்டுதான் ஒப்புப் போடணும். பதினெட்டு உங்க பொறுப்பாக்கும்."

பதினெட்டாம் நம்பர்காரர் பெங்களூரில் இருந்தார். சிறுவயதில் என்னோடு அதே கடவில் குதித்தவர். ஒரு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்திருக்கலாம். அவன் வேண்டாம் என்றா சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். என் கையெழுத்தைப் போட்டேன், அடுத்த கட்டத்தில் அவன் பெயரை எழுதி, பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குத் தெரிந்த அவனுடைய சுழித்த கையெழுத்தையும் போட்டேன். அதை அவன் மாதிரியே போட்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சாயங்காலம் மாமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பெங்களூருக்குப் பேசினேளா?" என்று கேட்டார். "பேசினேன் மாமி" என்றேன். சோம்பேறித்தனம்தான், அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க முடியவில்லை.

விசாரணைக்கு மாமியும் நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். மாமி கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், பழைய ஆபீஸ் நாட்கள் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசினதை அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். பாதி வெற்றி என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது கம்பெனியின் வக்கீல் எழுந்து இரண்டு காகிதங்களை மேஜையில் வைத்தார். ஒன்று, பதினெட்டாம் நம்பர் வீட்டை மூன்று மாதத்துக்கு முன்பே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த பத்திரம். இன்னொன்று, எந்த மனுவிலும் தான் கையெழுத்திடவில்லை என்று பெங்களூரிலிருந்து வந்த கடிதம். அதிகாரி மனுவின் தாளைத் திருப்பி, அந்தச் சுழித்த கையெழுத்தின் மேல் விரலை வைத்து, யார் போட்ட கையெழுத்து என்று மலையாளத்தில் கேட்டார்.

"இது ஆரிட்ட ஒப்பாணு?"

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். அன்று சாயங்காலம் வேலியோரம் சொன்ன பொய் முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமோ என்னவோ, அவருக்குக் கேட்கவே தேவைப்படவில்லை. பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, "அது ஞான் இட்டதாணு, சார்" என்றார். நான் போட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டிய அதே சொற்கள்.

ஒரு கையெழுத்து பொய் என்றால் மற்றதை எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டதில் தப்பில்லை. மனுவைத் தள்ளுபடி செய்தார். புதிதாக எழுதிக் கொடுக்க நாள் கடந்துவிட்டிருந்தது. மாமியின் வயதைப் பார்த்து மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்றும் சொன்னார். அந்த இரக்கம்தான் அவரை அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "ஏன் மாமி அப்படிச் சொன்னேள்?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. கள்ள ஒப்புப் போட்டதுன்னு ஒரு காகிதம் உங்க ஆபீஸுக்குப் போனா என்னாகும்? என்கிட்ட எடுக்கறதுக்கு இனி என்ன இருக்கு? சாரமில்லை."

சாரமில்லை. பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் பேசவில்லை, யாரிடமும்.

அடுத்த வாரம் நோட்டு கடைசியாக ஒரு முறை சுற்றியது. 'நான் செக்ரட்டரி வேலையிலேர்ந்து விலகறேன். இனிமே ஒருத்தருக்காக இன்னொருத்தர் ஒப்புப் போட வேண்டாம். பூட்டின வீடு பூட்டினதாவே இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். தெருவில் பேச்சு எழுந்தது. படித்த மனுஷி இப்படிப் பண்ணலாமா, கடவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளே என்று என் வாசலிலேயே நின்று சொன்னார்கள். நான் தலையாட்டவில்லை. தலையாட்டாமல் இருந்ததையே பெரிய நியாயமாக நினைத்துக்கொண்டேன். மாமி நோட்டை என்னிடம் கொடுத்தார், ஜாயிண்ட் செக்ரட்டரி ஆயிற்றே. நான் அதைச் சுற்றுக்கு விடவில்லை. அதற்குள் வாட்ஸாப் குழு வந்துவிட்டது.

பதினான்கு மாடியும் வந்தது. பதினெட்டாம் நம்பர் வீடும் ஆற்றுவழியும் இருந்த இடத்தில் இப்போது சிவப்புக் கற்கள் பதித்த சாலை. கடவு அப்படியேதான் இருக்கிறது, கைப்பிடிக் கம்பிகூடப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரு கேட். காவல்காரர் நல்ல மனிதர், "எவிடேக்கா சார்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எங்கே போகிறேன் என்று அங்குள்ள பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு ஆற்றுக்குப் போகலாம். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் 'ஆறு' என்று எழுதுவேன். இப்போதெல்லாம் போவது குறைந்துவிட்டது. தெருவில் ஈரக் கோடு விழுந்து எத்தனையோ வருஷமாகிறது.

கேட் போட்ட வருஷமே மாமி புனாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாவியை என்னிடம்தான் கொடுத்தார். சென்ற மழைக்காலத்தில் அங்கேயே காலமானார். செய்தி வந்தபோது குழுவில் எல்லோரும் கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள். அடுக்குமாடியின் கீழ்த்தள ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தோம். புதிய தலைவர் நன்றாகத்தான் பேசினார். "அவங்க ஒரு தப்புப் பண்ணிட்டாங்க. ஆனாலும் தெருவுக்காக நிறைய உழைச்சவங்க" என்றார். அந்த 'ஆனாலும்' என்ற சொல்லை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் அது என்னைச் சாப்பிட விடவில்லை. எனக்குப் பென்ஷன் வர ஆரம்பித்துப் பல காலமாகிறது. என்னிடம் எடுக்கவும் இனி ஒன்றும் இல்லை.

பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். நார் உலர்ந்து தொட்டதும் உதிர்ந்தது, பேனாவில் மை செத்துவிட்டிருந்தது. மாமி கடைசியாக எழுதின பக்கத்தின் எழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் ஒரு தடவை 'கேட்டேளா' என்று கூப்பிட்டால் போதும், எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. அங்கே பூட்டின வீடுதான் இருந்தது.

நூலில் புதுப் பேனா கட்டினேன், ஒரு முழம் அளந்து. மேலே என் திக்கும் மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதினேன்: 'ஆற்றுவழி மனுவில் பதினெட்டாம் நம்பருக்காகப் போட்ட கையெழுத்து என்னுடையது. போன் செய்து கேட்டேன் என்று செக்ரட்டரியிடம் பொய் சொன்னேன். அவர் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார்.' முப்பத்தாறு கட்டம் போட்டு முதல் வீட்டில் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த நோட்டை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று விளக்க வேண்டியிருந்தது.

பதினொரு நாள் ஆயிற்று. இடையில் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். ஒருவர் வாசலில் நின்று, "இதை அவ இருக்கறச்சே எழுதியிருக்கப்படாதோ?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போனார். பன்னிரண்டாம் நாள் காலை நோட்டு என் வாசல்படியில் இருந்தது. கட்டம் கட்டமாக 'கண்டேன்', 'கண்டேன்' என்று கையெழுத்துகள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் மலையாளத்தில் போட்டிருந்தார்கள். பதினெட்டுக்கு எதிரே யாரோ ஒரு கோடு இழுத்திருந்தார்கள். பதினேழில் என் கையெழுத்து.

அதற்கு மேலே பதினாறாம் கட்டம் காலியாக இருந்தது. அந்த வீட்டின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பேனாவை எடுத்தேன், நூல் எட்டியது. மறுபடி மூடி வைத்துவிட்டேன்.