பிஸ்கட் டப்பாவில் எனக்கு விழுந்த சீட்டு

கூடியிருக்கிற எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். என் பேர் ஜெயமணி. பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறேன். சபையில் சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டால் வாசலில் போய்ச் செருப்பைத் தேடுகிற ஆள் நான். கட்டி கரைந்தது, காய்ச்சல் பறந்தது என்று சொல்கிறவர்களுக்கு நடுவில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. இப்போதும் நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்து போக வேண்டாம்.

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி. என் வீட்டுக்காரர் செல்லையா ஜீப் ஓட்டுகிறவர். மலைவாழைத் தார் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு சந்தைக்குப் போனவர், சரக்கை இறக்கிவிட்டுக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் இல்லாத மாதிரிதான். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. "சரி." அந்த ஒன்றுதான்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. சொல்ல வந்தா வாய்க்குத்தான் வழி தெரியல" என்றார் டாக்டர். "இடது கையால எழுதப் பழக்குங்க. பொறுமையா இருங்க." பொறுமையாக இருங்கள் என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம் ஆனது. எனக்கு ஒரு வருஷம் போதவில்லை.

வெள்ளனே எழுந்து அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். கழுவி, துடைத்து, சட்டை மாட்டி, கஞ்சி ஊட்ட வேண்டும். அப்புறம் தோட்டத்துக்கு ஓட வேண்டும். சரிவில் நின்று இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பழம் பறிக்க வேண்டும். நடுவில் மதியம் ஓடி வந்து அவருக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போக வேண்டும். மழை வந்தால் அட்டைக்கடி. சாயங்காலம் கால் இரண்டும் வீங்கிப்போய், செருப்பு கழலாது. வீட்டுக்கு வந்தால் காலையில் செய்ததை எல்லாம் மறுபடி முதலில் இருந்து செய்ய வேண்டும். எங்கள் ஒரே மகள் பிரிசில்லா கோயம்புத்தூரில் மில்லில் வேலை பார்க்கிறாள். லீவு கிடைத்தால்தான் வருவாள். உட்கார்ந்து அழக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அழுகை எல்லாம் சத்தமாக மாறிப்போனது.

"கஞ்சி சுடுதா?" என்று கேட்பேன். "சரி" என்பார். "ஆறிப்போச்சா?" "சரி." "ஏங்க, சுடுதா, ஆறிப்போச்சா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க." "சரி." எனக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம். "நான் செத்துட்டா என்ன செய்வீக?" என்று கத்தினேன் ஒரு நாள். அதற்கும் அதே பதில்தான். அவரால் வேறு சொல்ல முடியாது என்று தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

எழுதப் பழக்கச் சொன்னார்களே என்று பென்சிலை இடது கையில் கொடுத்துப் பார்த்தேன். கீழே விட்டார். எடுத்துக் கொடுத்தேன். திரும்பவும் விட்டார். "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகூட எழுதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அதற்குமேல் நான் பழக்கவே இல்லை.

ஆனால் ஜெபம் மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, அவர் வாயைத் திறந்துவிடும், அவர் கையை எழுப்பிவிடும் என்று ஒரு வருஷம் கேட்டேன். வானம் வெண்கலமாக அடைத்துக் கிடந்தது. கடைசியில், இனி என்னால் ஆகாது என்று முடிவு செய்தேன். ஆடலூரில் அவருடைய அக்கா இருக்கிறார், விதவை. அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது, நான் மகளோடு கோயம்புத்தூர் போய்விடுவது. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தின வீட்டைப் பூட்டிவிடலாம் என்று தோன்றிவிட்டது. இவருடைய கூட்டாளி முருகேசனிடம் சனிக்கிழமை ஜீப்புக்குச் சொல்லியாயிற்று. இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றார். அன்றைக்கு மட்டும் அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிஸ்கட் டப்பா ஒன்று சுற்றி வரும். அவரவர் ஜெபக்குறிப்பைப் பேர் போடாமல் எழுதி உள்ளே போட வேண்டும். கடைசியில் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் அதற்காக ஜெபிக்க வேண்டும். யார் எழுதியது என்று தேடக் கூடாது. டப்பா சுற்றும்போது நான் அடுப்படியில் நின்று, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சிலோன் தோட்டத்தில் இருந்து வந்த குடும்பம் நாங்கள், டீ என்ற வார்த்தை எங்கள் வீட்டில் ஓடாது. கடைசியாக வந்து கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தேன்.

ரெண்டு கோடு நோட்டில் கிழித்த தாள். விளிம்பெல்லாம் பிய்ந்து கிடந்தது. எழுத்து ஒன்று கோட்டுக்கு மேலே, ஒன்று கீழே. "வீட்டுல ஒரு நாள் சத்தம் இல்லாம இருக்கணும்." அவ்வளவுதான் எழுதியிருந்தது.

யாரோ சின்னப் பிள்ளை எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எந்த வீட்டுப் பிள்ளையோ, எப்படிப்பட்ட தாயோ என்று இருந்தது. கூட்டம் கலைந்ததும் இவர் கட்டில் பக்கத்திலேயே முழங்கால் போட்டு, வாய்விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, அந்தப் பொம்பளைக்குப் புத்தி கொடும். வீட்டுக்குள்ள சமாதானத்தக் கெடுக்கிற அந்த நாக்க அடக்கும். அந்த வீட்டுல வாய் திறக்க முடியாம கெடக்கிற சீவன நினைச்சருளும்." இப்படியே நீளமாகப் போயிற்று. நடுவில் கட்டிலில் இருந்து "சரி" என்று ஒரு குரல். நான் திரும்பி, "ஜெபத்துக்கு நடுவுல என்ன சரி வேண்டிக் கெடக்கு? பேசாமப் படுங்க" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு ஆமென் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேடக் கூடாது என்ற விதியையும் நான் காப்பாற்றவில்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவுக்கு ஏழு வயதில் ஒரு பையன் இருக்கிறான். எந்நேரமும் பயந்தவன் மாதிரி இருப்பான். அவன்தான் என்று நானே தீர்மானித்துவிட்டேன். வியாழக்கிழமை காலை குழாயடியில் நாலு பேர் முன்னால் கேட்டேன்.

"பிள்ளைய இப்படியா வெரட்டி வளக்குறது, ஸ்டெல்லா? வீட்டுல சத்தம் இல்லாம இருக்கணும்னு சீட்டு எழுதிப் போடுற அளவுக்கா?"

ஸ்டெல்லா குடத்தைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, என் பையன் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல அவன் பேரக்கூட எழுதத் தெரியாது" என்றாள். குழாயடியில் யாரோ சிரித்தார்கள். நான் விட்டிருக்கலாம். "அப்ப வேற யாரு?" என்றேன். "சத்தம் எந்த வீட்டுல இருந்து வருதுன்னு ஒரு நாளு நின்னு கேட்டுப் பாருங்கக்கா. எனக்குச் சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கெல்லாம் எனக்கு அவள் மேல் எரிச்சல். என்ன திமிர் என்று நினைத்தேன். முள் குத்தியது எனக்கு, நொண்டியதும் நான்தான். ஆனால் முள் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் அவருடைய துணிமணியைப் பையில் அடுக்கினேன். அவரை வாசலில் வெயிலில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மெத்தையைச் சுருட்டினேன். அடியில் ஒரு நோட்டு. பிரிசில்லா எப்போதோ அப்பா எழுதிப் பழகட்டும் என்று வாங்கி வைத்த ரெண்டு கோடு நோட்டு. அடுப்பு பற்றவைக்கப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

திறந்து பார்த்தேன். முதல் பத்துப் பக்கம் வெறும் கோடு. பிறகு அ, அ, அ என்று ஒரு பக்கம். ஒவ்வொன்றும் கோழி கிளறின மாதிரி இருந்தது. நான் தோட்டத்துக்குப் போன பிறகு, யாரும் இல்லாத வீட்டில், ஒற்றைக் கையால் நோட்டை எங்கோ முட்டுக்கொடுத்து எழுதியிருக்கிறார். பாதி நோட்டுக்கு மேல் எழுத்துகள் வார்த்தை ஆகின. பிரிசில்லா. ஜீப்பு. கஞ்சி. ஜெயமணி என்று மூன்று பக்கம். கடைசியில் ஒரு தாள் பாதி கிழிந்து நின்றது. ஒரு கையால் நேராகக் கிழிக்க முடியாது அல்லவா, எழுதினதில் ஒரு வரி வெளியே வந்திருக்கிறது, அடுத்த வரி நோட்டிலேயே தங்கிவிட்டது. என் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த சீட்டை எடுத்துக் கிழிசலில் வைத்தேன். பொருந்தியது. நோட்டில் நின்றுபோன வரி இதுதான்:

"அவ ரொம்ப அசந்து போயிட்டா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளாக நான் முழங்காலில் நின்று திட்டினது என்னைத்தான். அதைவிட, அவர் கேட்டது என் சத்தம் நிற்கவேண்டும் என்று இல்லை. எனக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கை வேண்டும் என்று கேட்கவில்லை, பேச்சு வேண்டும் என்று கேட்கவில்லை. மாதக்கணக்கில் பழகி எழுதின முதல் வாக்கியத்தை எனக்காகச் செலவழித்துவிட்டார்.

உடனே எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. வழக்கம்போலச் சோறு ஊட்டினேன். ஆனால் சத்தம் போடவில்லை. அவர் என்னை இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தார்.

சனிக்கிழமை காலை முருகேசன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். "மதினி, கெளம்பலாமா? மழைக்கு முன்ன வெரசா ஆடலூர் போயிரணும்" என்றான். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, பையை மடியில் வைத்து, வாசல் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து பையைப் பிடித்தேன். அவர் விடவில்லை, நான் ஏற்றத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பேச வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே அத்தனையும் இருக்கிறது, வாய்க்கு வழி தெரியவில்லை. இவருக்கு ஒரு வருஷமாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சீட்டையும் நோட்டையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். "போக வேண்டாங்க. இங்கனயே இருங்க. நான் பேசுனதெல்லாம் தப்பு. என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் இடது கையைப் பையில் இருந்து எடுத்து என் தலையில் வைத்தார்.

"சரி" என்றார்.

ஒரு வருஷம் அவருக்குப் பேச்சு வரவேண்டும் என்று அழுதேனே, எனக்குத் தேவையான ஒரே வார்த்தை அவரிடம் முதலில் இருந்தே இருந்திருக்கிறது. முருகேசன் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் டப்பாவை இவர் முன்னால் நீட்டினதே அவள்தானாம். சட்டைப் பையில் இருந்து அவர் சீட்டை எடுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள், குழாயடியில் நாலு பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

இப்போதும் அவருக்குக் கை வரவில்லை. எனக்குக் கால் வீக்கம் குறையவில்லை. அசதி அப்படியேதான் இருக்கிறது. கோபமும் செத்துப் போய்விடவில்லை, பொய் சொல்லக் கூடாது. வாய் வரைக்கும் வரும். அப்போது நானும் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய், சௌசௌ பந்தலுக்கடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். "அம்மா, நீயும் அப்பா மாதிரியே பேச ஆரம்பிச்சிட்ட" என்று போனில் பிரிசில்லா கேலி செய்கிறாள். மதியம் ஒரு மணி நேரம் ஸ்டெல்லா வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறாள், நான் பறிப்புக்கு நடுவில் ஓடி வருவதில்லை. கேட்டால் உதவி கிடைக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஆண்டவருக்கு நன்றி. நான் கேட்ட கதவைத் திறக்காமல், நான் பூட்டி வைத்த கதவைத் திறந்தார்.

என்னைப் போல அசந்துபோய் வந்திருக்கிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் பக்கத்தில் இருக்கிறவர் உங்களுக்காக என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள். பதில் அந்தப் பக்கமாக வந்தாலும் வரும்.

ஒரு காரியம் மட்டும். இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தது. டப்பாவை நானே முதலில் அவரிடம் நீட்டினேன். ஒரு சீட்டு போட்டார். அது யாருக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. எழுத்து கோணலாக இருக்கும், ஓரம் பிய்ந்திருக்கும். சின்னப் பிள்ளை எழுதினது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து அதற்காக ஜெபியுங்கள்.