விளம்பர இடைவேளையில் ஒட்டிய தேர்

மலேசியாவின் பாடாங் செராயில் எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். தேரோட்டத்துக்கு முதல் நாள் மாலை, தேரின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் விரிசல் கண்டது. காப்புக் கட்டிய பின் தேர் எல்லை தாண்டக் கூடாது; பட்டறைக்குக் கொண்டுபோக வழியில்லை. தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்யும் என் அண்ணன், "நான் ஒட்டித் தரேன்" என்று கோயில் தலைவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் நம்பியது, மூடிப்போன தோட்ட ஆலையிலிருந்து வாங்கிவந்த பழைய வெல்டிங் இயந்திரத்தை. அது மும்முனை மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டது. எங்கள் வீட்டிலோ ஒருமுனைதான். சுருள்களின் இணைப்பை மாற்றி, கெப்பாசிட்டர் சேர்த்து அதை இணங்க வைத்திருந்தார். ஆயினும் அதன் மின்சாரப் பசி குறையவில்லை.

தேர்வடம் இழுக்கப்போகும் பிள்ளைகளின் பாதுகாப்பு, அக்கம்பக்கத்து மின்விளக்குகளின் நிலை ஆகியவை குறித்து என் கவலைகளை முறையாக எடுத்துரைத்தேன்.

"தங்கச்சி, மீட்டிங் முடிஞ்சுச்சா? தள்ளி நில்லு லா."

வீட்டிலிருந்து வேலி தாண்டி வயர் இழுத்து, தேரடியில் முதல் பொறி பறந்ததும் வீடு முழுவதும் இருண்டது. உள்ளே அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய்! இப்பத்தான் அவ தாலிய கழட்டப் போனா! கழட்டுனாளா இல்லையான்னு யாருடா சொல்றது?"

"ஏர்கானும் ரைஸ் குக்கரும் நின்னாத்தாம்மா மிஷின் ஓடும்!"

"ஏர்கான் இல்லாம அழுகை சீனை எப்படிடா பாக்கறது?"

இரு தரப்பின் நியாயங்களையும் ஆராய்ந்து, ஓர் உடன்பாட்டை முன்வைத்தேன். "விளம்பரம்!" என்று அம்மா கூவுவார், நான் சுவிட்சுகளை அணைப்பேன், அண்ணன் ஒட்டுவார். "வந்துட்டா!" என்றதும் நிறுத்துவார். நாடகம் ஓடும் நேரத்தில் கொதித்துப்போன இயந்திரமும் ஆறியது. தேர் மீது தடித்த நால்வரை ஏற்றிக் குலுக்கிப் பார்த்த பிறகே நான் சம்மதித்தேன்.

மறுநாள் தேர் கிளம்பியது. நான் முன்சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நடந்தேன். அண்ணன் சாமியைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் சந்தின் கால்வாய் மூடியில் சக்கரம் ஏறி, 'தடால்' என்று இறங்கியது. சட்டம் அசையவில்லை. அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து சாமியைக் கும்பிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா குனிந்து ஒட்டுகளைப் பார்த்தார். "ஏன் தம்பி, இது மட்டும் குட்டையா இருக்கு?"

"சாம்பார்த்தூள் விளம்பரம், அக்கா. பொசுக்குன்னு முடிஞ்சிருச்சு."

கோயில் தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அண்ணன் நெற்றியில் சற்றுத் தாராளமாகவே திருநீறு பூசினார்.