சுடுகாட்டு மல்லியைக் கொளுத்திய அன்று

சுடுகாட்டு மல்லியை எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் செம்மண்ணில் தானாக முளைக்கும். பிணம் புதைத்த மேட்டில் இன்னும் செழிக்கும். அதற்கு நித்தியகல்யாணி என்றொரு நல்ல பெயர் இருப்பதே, மெட்ராஸிலிருந்து வந்த ஏஜெண்ட் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இலையும் வேரும் மருந்து செய்யச் சீமைக்குப் போகிறதாம். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலையில்லை என்று அப்பா சிரித்தார். ஆனால் ஏரி வறண்டு, நடவு வேலை இல்லாத வருடம் அது. அம்மா செடிகளைப் பிடுங்கிவந்து, இலை வேறு வேர் வேறாக வாசலில் காயவைத்தாள். அக்கா அதில் பூக்களைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொள்வாள்.

அந்தத் தை மாதம் அக்காவுக்கு வந்த காய்ச்சல் விடவேயில்லை. பல்லீறில் ரத்தம் கசிந்தது. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. ரத்தத்தில் புற்று என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். புது மருந்து ஒன்று சீமையிலிருந்து வரவேண்டும், அதுவரை வீட்டில் வைத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவோடு பிறந்த அத்தை பார்க்க வந்தாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

"பொணத்து மேல மொளச்சத ஊட்டாண்ட பரப்பி வச்சிக்கினு, மருந்து வர்ல மருந்து வர்லன்னா இன்னா அர்த்தம்?"

அம்மா உடனே எழுந்தாள். இலை, வேர், கட்டிவைத்த மூட்டை எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினாள். நான் ஓடி ஓடி உதிர்ந்த இலையைக்கூடப் பொறுக்கிப் போட்டேன்.

கயிற்றுக் கட்டிலில் கிடந்த அக்கா மட்டும், "அது இன்னாம்மா பண்ணிச்சி? அத உட்டுடு" என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று விட்டுவிட்டோம்.

மருந்து வரும்முன் அக்கா போய்விட்டாள்.

பல வருடம் கழித்து, நான் நர்ஸ் வேலைக்குப் படிக்கும்போது, ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கு ஏற்றும் மருந்தை எந்தச் செடியின் இலையிலிருந்து எடுக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். வெளியே வந்து அழுதேன். அந்த மூட்டையை எரிக்காமல் வைத்திருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. மூட்டை மூட்டையாக இலையை ஆலையில் வடித்தால்தான் துளி மருந்து கிடைக்கும். அது தெரிந்தும் மனம் ஆறவில்லை. அம்மாவிடம் நான் சொல்லவேயில்லை. செடியைக் கொண்டுவந்த பாவம் தன்னுடையது என்று சாகும்வரை அழுதவளிடம், எரித்த பாவத்தையும் எப்படிச் சேர்த்துக் கொடுப்பது?

அன்று இலை பொறுக்கிப் போட்டு நெருப்பைச் சுற்றிக் குதித்த சிறுமிக்கு இதெல்லாம் தெரியாது. அக்கா பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில், அக்கா வேண்டாமென்று ஒதுக்கிய சோற்றையும் சேர்த்துத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள்.