கெண்டைக்காலில் ஒன்றரை அங்குலம்

பஸ் கிளம்பப் போகிறதே என்றுதான் தையல்காரம்மா ஓடினாள். நாலு எட்டு வைத்திருப்பாள், பின்னாலிருந்து குதிகாலில் யாரோ ஓங்கி உதைத்த மாதிரி 'டப்'பென்று ஒரு சத்தம். திரும்பினவள், குடையோடு நின்ற மனிதர்தான் உதைத்தார் என்று சண்டைக்குப் போனாள்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

பாவம், அவர் பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார் அறுந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். முழங்கால் வரைக்கும் கனத்த பூட்ஸ் ஒன்றை மாட்டி, கொஞ்ச நாளைக்குக் காலை ஊன்றவே கூடாது என்று அனுப்பினார்கள். நிறையத் தண்ணீர் குடி, விரலை ஆட்டிக்கொண்டே இரு, ஒரே இடத்தில் சிலை மாதிரி உட்காராதே என்றெல்லாமும் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அத்தனையையும் நேர்மாறாகச் செய்தாள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டாமா? அந்த வழுக்குத் தரையில் ஊன்றுகோலோடு தனியாகப் போகப் பயம். நாலு வீடு தள்ளி சலூன் வைத்திருக்கிற தன் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அவரும் பாதிச் சவரத்தில் ஆளை நுரையோடு உட்கார வைத்துவிட்டு ஓடி வருவார். இரண்டு தரம் அப்படி வந்தார். மூன்றாம் தரம் கூப்பிட இவளுக்கு மனசு வரவில்லை. காலையில் அரை டம்ளர், மதியம் ஒரு வாய், அதோடு சரி. ஜன்னலோர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் கெண்டைக்காலை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி வலித்தது. அவள் முகத்தைப் பார்த்த வீட்டுக்காரர், கிண்ணத்தில் எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"பூட்ஸைக் கழட்டு. கண்டவன் தலையெல்லாம் பிடிச்சு விடறேன், உன் காலைப் பிடிச்சா குறைஞ்சா போயிடுவேன்?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்தப் பேச்சு இன்றைக்குத்தான் வந்தது. ஆசையாகத்தான் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டினாள். நீட்டினவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"நில்லுங்க. இது பெருத்துப் போயிருக்கு."

"பூட்ஸுக்குள்ளயே கிடந்தா வீங்காம என்ன செய்யும்?"

"சும்மா கிடக்கிற கால் மெலியும்னுல்ல டாக்டர் சொன்னாரு?"

"உன் கண்ணுக்கு எல்லாமே தப்பாத் தைச்ச பேன்ட்டுதான்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். நல்ல காலைச் சுற்றினாள், பதிமூன்று அங்குலம். அடிபட்ட காலைச் சுற்றினாள், பதினாலரை. டேப்பை அவர் கையில் கொடுத்து அவரையும் அளக்க வைத்தாள். அதே பதினாலரை. தொட்ட இடம் சுட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார்கள். நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, "தேய்ச்சீங்களா?"

"இல்லம்மா, எண்ணெய் இன்னும் கையிலதான் இருக்கு."

"தேய்க்கவே தேய்க்காதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க."

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது என்றார். அங்கிருந்து கிளம்பி நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து, நல்ல வேளை நேரத்தோடு வந்தீர்கள் என்றார். வீட்டுக்காரர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"தண்ணி ஒழுங்காக் குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாதிச் சவரத்துல ஓடி வர்றாரு, டாக்டர்."

ஆட்டோவில் ஏறினதும் வீட்டுக்காரர் திட்டினார். "ஆளு நுரையோட உட்கார்ந்திருந்தா ஊரு என்ன முழுகியா போயிடும்? நீ போயிட்டா நான் யார்கிட்டடி சண்டை போடுவேன்?"

ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் பத்து நாள் ஊசி, அதற்கப்புறம் மாத்திரை. ஊசியை வீட்டிலேயே போடலாம் என்று நர்ஸ் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மறுநாள் காலையில் அவள் வயிற்றுச் சதையை மடித்துப் பிடித்துக் காட்டினாள். ஊசியைப் பிடித்த அவர் கை வெடவெடவென்று ஆடியது.

"கழுத்துல கத்தி வைக்கிறப்ப ஆடாத கைக்கு இப்ப என்னவாம்?"

"அது ஊரான் கழுத்து."

அவள் அவர் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையும் சேர்ந்துதான் அந்த முதல் ஊசி உள்ளே போனது.