கொம்பும் கூடைக் கயிறும்

வெள்ளிக்கிழமைதோறும் கைபேசியில் வரும் அந்தக் கதைத்தொடரை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலில் கேட்க ஆரம்பித்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். மலையில் கைகள் இரண்டும் வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். ஒருத்தியின் கூடைக்குள்ளிருந்து கைபேசி கதை சொல்ல, பக்கத்து நிரைகளில் நிற்பவர்களும் கேட்பார்கள். பிறகு அவர்கள் வீட்டு ஆட்கள், பிறகு ஹட்டன் ஆட்டோ ஸ்டாண்ட், கடைசியில் நான். தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் நாளும் கிழமையும் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். மழை, மண்சரிவு, ரயில் தாமதம் ஆகியவற்றோடு இந்தத் தொடரும் என் கொப்பிகளில் ஏறியது.

கதையில் ஒரு மிருகம் வருகிறது. நாடிழந்த அரசகுமாரி ஒருத்தியை மலைகளைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அதற்குப் பெயர் கிடையாது. அடர்ந்த பிடரி, நனைந்த மண்ணின் நிறம், பாறையில் வழுக்காத பாதம். இவ்வளவுதான் கதை சொல்பவர் கொடுத்த விவரம். வால் உண்டா, காது எப்படி, விரலா குளம்பா என்பதெல்லாம் கேட்பவர் பாடு. காண்டாமிருகத்தைப் பார்க்காதவர்கள் வரைந்த பழைய காண்டாமிருகப் படங்களைப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது, பார்த்துவிட்டு வந்த ஒருவன் சொல்லியிருப்பான். எங்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே எல்லாவற்றிலும் இரண்டு கட்சிகள் இருந்தன. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்டோக்காரர் தன் வண்டியின் பின்பக்கத்துக்குப் புதிய தார்ப்பாய் வாங்கும்வரை அதனால் யாருக்கும் நட்டமில்லை.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். முந்தைய மழைக்காலத்தில் றொசல்லப் பக்கத்து வளைவொன்றில் வண்டி வழுக்கிச் சாலையோரக் கானுக்குள் இறங்கியிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் வழுக்காத மிருகம் ஒன்றை வண்டியின் முதுகில் வரைந்துவிட வேண்டும் என்று அன்றே தீர்மானித்திருந்தார். ஹட்டனில் படம் வரைபவர் சிங்களவர், கதையைக் கேட்காதவர். ஆட்டோக்காரர் தார்ப்பாயோடு போன அன்றே சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கொம்பு இருக்கிறதா, இல்லையா? மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், வரைந்த பிறகு அழிக்க முடியாது என்றும் சொன்னார்.

ஆட்டோ ஸ்டாண்டில் சந்தேகமே இல்லை.

"கோட்டைக் கதவ முட்டித்தான தொறந்துச்சு? கொம்பில்லாம எப்புடிண்ணே முட்டும்? மண்ட ஒடஞ்சிறாது?"

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் சந்தேகமில்லை. அங்கே மூத்தவர் ஒரு பெண், முப்பது வருடமாகக் கயிற்றை நெற்றியில் மாட்டி முதுகில் கூடை தூக்குகிறவர். அவர் சொன்னார்: "உப்பு மூட்டைய மூணு நாளு தலையிலதான சொமந்துச்சு? கொம்பு இருந்தா கயிறு எங்க நிக்கும்?"

"முட்டுறதுக்குக் கொம்பு வேணுமா?" என்றாள் பக்கத்தில் நின்றவள். "எங்க வீட்டு மொட்ட ஆடு முட்டி எங்க மாமியாரு ரெண்டு நாளு படுத்துக் கெடந்தாங்க."

"முட்டுனது ஆடா, நீயா?"

அன்று நிறுவை கொஞ்சம் தாமதமானது.

ஆட்டோக்காரர் என்னிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு அவர் வண்டியில் போகிறவர்கள் மடுவத்துப் பெண்கள். மற்ற நாட்களில் அவர் வரிசையில் நிற்பது ஸ்டாண்டில்.

"கொம்பு வைக்காட்டி ஸ்டாண்டுல ஒரு வருசம் என்னைய ஓட்டுவானுங்க, ஐயா. அதத் தாங்கிக்கலாம். வச்சா இவங்க ஏற மாட்டாங்க. ஞாயித்துக்கெழம ஹயர் போச்சுன்னா வண்டிய வச்சுக்கிட்டு நான் என்னா செய்யிறது? ஆனா பொய்யா எதயும் வரையக்கூடாது. ஒங்க கொப்பியில என்னா இருக்கு?"

கொப்பியை எடுத்தேன். ஒரு மாதத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக் குறிப்பு: 'மிருகம் உப்பு மூட்டையைத் தலையில் சுமந்தது. கயிறு நெற்றியில் பதிந்தது.' வாசித்துக் காட்டினேன்.

"எழுதியே இருக்கே" என்றார். முகம் தெளிந்துவிட்டது.

அந்த வாரமே படம் தயாரானது. மண் நிறம், பிடரி, நெற்றியில் கயிறு, முதுகில் மூட்டை, கொம்பில்லை. கயிறு ஏன் அங்கே போகிறது என்று வரைபவருக்குப் புரியவில்லையாம். ஆட்டோக்காரர் குனிந்து நடந்து காட்டியிருக்கிறார். ஸ்டாண்டில் அவரை 'மொட்டை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெண்கள் முன்பைவிட அதிகமாக ஏறினார்கள்.

படம் வரைந்த பிறகு வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை, கதையில் மழை விட்டது. அரசகுமாரி தன் நனைந்த சால்வையை மிருகத்தின் இரண்டு கொம்புகளிலும் உலரப் போட்டாள்.

ஸ்டாண்டில் கைதட்டினார்களாம். நான் பழைய பாகத்தை எடுத்து மூன்று தடவை கேட்டேன். 'சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தது' என்று மட்டும்தான் இருந்தது. கயிறு என்ற பேச்சே இல்லை. மடுவத்தில் விசாரித்தேன். கயிறு இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருத்திக்கு அதன் நிறம்கூட ஞாபகம் இருந்தது.

மறுநாள் ஆட்டோக்காரரிடம் போனேன். வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"கதையில கயிறே இல்லீங்களா?"

"இல்ல. நானா எழுதினது."

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க கொழுந்து எடுத்ததே இல்லையே, ஐயா."

"இல்ல. எங்கம்மா எடுத்தாங்க."

வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "நாளைக்கி ஞாயித்துக்கெழம" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நானும் போயிருந்தேன். தவறு என்னுடையது என்பதால் சாட்சிக்கு. வண்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். மூன்று பேர் உட்காரும் வண்டிக்கு ஐந்து பெண்கள் வந்தார்கள். மூத்தவர் முதலில் கேட்டதே வண்டியைத் திருப்பச் சொல்லித்தான். திருப்பினார்.

"கொம்பு இருக்குன்னு கதையில சொல்லிட்டாங்கக்கா."

"கேட்டோம்."

"வரையிறவர்ட்ட வெள்ளப் பெயிண்ட் இருக்கு. ரெண்டு கொம்பு வைக்கச் சொல்லவா?"

மூத்தவர் குனிந்து, மிருகத்தின் தலையில், கயிற்றுக்குச் சற்று மேலே, விரலை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வேண்டாம் தம்பி. இது வேல செய்யிற மிருகம். சும்மா நின்னா கொம்பு இருக்கட்டும். சொமக்க விட்டப்ப அறுத்துருப்பாங்க."

"அப்ப சால்வைய எதுல காயப் போட்டாளாம்?" என்றாள் மொட்டை ஆட்டுக்காரி.

"அது அவ பாடு. ஏறு, சந்தையில மீன் முடிஞ்சிரும்."

மற்றவர்கள் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. உப்பு மூட்டை வந்தது முன்னால், சால்வை வந்தது பின்னால். அறுத்த கொம்பு ஏழே வாரத்தில் சால்வை காயப்போடும் நீளத்துக்கு வளராது. இரண்டு வெள்ளிக்கிழமைகளும் தேதியோடு என் கொப்பியில் இருந்தன. கொப்பி கையில் இருந்தது.

வாயைத் திறந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்துப் போங்க" என்றேன்.

ஐந்து பேரோடு வண்டி இறக்கத்தில் இறங்கியது. மூட்டையோடு மிருகம் வளைவுவரை தெரிந்தது.