பத்துக் காம்பராக் கூரையில் சோலார்

சோலார் வேலைக்கு வருகிறவன் முதலில் வானத்தைப் பார்ப்பான். ஆறு மாதம் போனால் மண்ணைத்தான் பார்ப்பான். பேனலில் கரண்ட் வருமா என்பதல்ல, தவறிய கரண்ட் எங்கே போய் இறங்கும் என்பதுதான் எங்கள் கவலை. ஈரத் தகரத்தில் குந்தியிருந்து ஸ்க்ரூ முறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு கூரை வாய்த்திருக்கும்.

ஒரே தகரம்

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பத்து ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில் பூமணி அக்கா குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருந்தார். முழங்கால் தேய்ந்து மலை ஏற முடியாமல் கொழுந்து வேலையை விட்டவர். கரண்ட் நின்று இரண்டு தடவை முட்டைகள் குளிர்ந்து வீணாகிவிட்டன. மூன்றாவது தடவையும் போனால் முழங்காலைக் கட்டிக்கொண்டு திரும்ப மலைக்குத்தான் என்றார். அதற்காகத்தான் நான்கு பேனலும் ஒரு பேட்டரியும்.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். முதல் காம்பராவிலிருந்து பத்தாவது வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தகரம். கூரை ஓரத் தகரத்திலேயே கட்டிய, உடுப்புக் காயப்போடும் கம்பிகள். பேனலின் சட்டத்தை எர்த் பண்ண வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் ஒரு வீட்டுக்கு ஒரு கூரை என்று நினைத்திருப்பார். "உங்க கூரை எது வரைக்கும் அக்கா?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

"காம்பராதான் தம்பி வேற வேற. மழ பேஞ்சா பத்து வீட்டுக்கும் ஒரே சத்தந்தான்."

கறுப்பு வயர்

பக்கத்துக் காம்பரா சுந்தரம் அண்ணன் தோட்டத்துப் பெக்டரியில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்காமலே உதவிக்கு வந்தார். பேனலிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் இறங்கின. கறுப்பு நீளம் போதாமல் கொஞ்சம் கட்டையாக இருந்தது. நான் ட்ரில்லை எடுக்கத் திரும்பிய நேரத்தில், வேறு வயரை ஒட்டி நீட்ட அதன் நுனியை வெட்டி, வெறுங்கையால் சீவ ஆரம்பித்துவிட்டார். அவர் பழகிய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல். தொட்டால் ஒன்றும் செய்யாது.

மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். சோலாரில் கறுப்பும் சிவப்பும் ஒரே அளவுக்குப் பயப்பட வேண்டியவை. மீட்டரை வைத்துக் காட்டினேன். நூற்றறுபது வோல்ட்டுக்கு மேல். அவர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். எதிர்மலை தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தது.

"இந்தப் பனியிலயுமா? மலையில வேல வாங்குற நம்ம கண்டாக்கையாவுக்கு மேல இருக்கே. அவராவது கொழுந்து தெரியலன்னா நிப்பாட்டுவாரு."

படங்கு

வெட்டிய நுனிக்குப் புதிய கனெக்டர் போட வேண்டும். சுவிட்சை அணைத்தால் சுவிட்சுக்குக் கீழேதான் கரண்ட் நிற்கும். பேனலுக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள வயர், வெளிச்சம் இருக்கும்வரை உயிரோடுதான் இருக்கும். இதைச் சுந்தரம் அண்ணனுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பூமணி அக்கா உள்ளே போனார். கொழுந்து எடுக்கும்போது நனையாமல் இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து வந்து, அக்கம்பக்கத்திலும் மூன்று வாங்கி, மேலே எறிந்தார்.

பேனல்களை மூடினோம். மீட்டரில் எண் இறங்கியது. பூஜ்யத்துக்கு வரவில்லை, ஆனாலும் கையுறையோடு வேலை செய்யப் போதுமான அளவுக்கு வந்தது. எங்கள் பயிற்சியில் இதற்கென்று தனியாக ஒரு கறுப்பு விரிப்பைக் காட்டியிருந்தார்கள்.

"இருவது வருஷம் கட்டினேன், மழைய நிப்பாட்டினதில்ல. வெயில நிப்பாட்டுதே, பாருங்க!"

பச்சை வயர்

எர்த் கம்பியை லயத்துக்குப் பின்னால் அடித்தேன். கல்லு மண்; கரண்ட் மண்ணில் இறங்கும் அளவு மீட்டரில் சரியாக வரவில்லை. தண்ணீர் ஓடும் கானோரம் ஈர மண்ணுக்கு மாற்றிய பிறகு சரியானது. பேனல் சட்டத்திலிருந்து ஒன்றும் இன்வர்ட்டரிலிருந்து ஒன்றுமாக இரண்டு பச்சை வயர்களை அதில் இறுக்கிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடைசி அளவு எடுக்கப் போனேன். விடியற்காலை மரம் விழுந்து தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. பூமணி அக்காவின் பெட்டியில் மட்டும் பல்ப் எரிந்தது. உள்ளே நூறு முட்டை, பத்தொன்பதாம் நாள். பின்னால் போய்ப் பார்த்தால் கூரையிலிருந்து வந்த பச்சை வயரைக் கழற்றி, அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். யார் கழற்றியது என்று அக்காவிடம் கேட்டேன்.

"நாந்தான் தம்பி. மழ பேஞ்சா இன்வர்ட்டரு கீ கீன்னு கத்துச்சு. இதக் கழட்டினேன், அன்னையிலருந்து நல்ல புள்ளயா இருக்கு."

உடுப்புக் கம்பி

இன்வர்ட்டர் கத்தியது, கூரையில் எங்கோ கரண்ட் கசிகிறது என்று சொல்வதற்குத்தான். வயரைக் கழற்றியதும் அதற்குக் காது அடைத்துவிட்டது. கசிவு அப்படியே இருந்தது; மண்ணுக்கு இறங்கும் வழி மட்டும் போய்விட்டது. நாலு நாள் மழையில் பேட்டரி வற்றியிருந்ததால், பேனலை நிறுத்தினால் பெட்டியும் நிற்கும். "மூணு நாளைக்கு விடுங்க தம்பி, குஞ்சு வந்ததும் பாத்துக்கலாம்" என்றார் சுந்தரம் அண்ணன். சத்தியமாக எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மீட்டரின் ஒரு முனையை எர்த் கம்பியிலும் மறு முனையை உடுப்புக் கம்பியிலும் வைத்தேன். நூறு வோல்ட்டைத் தாண்டியது. அந்த நேரம் ஏழாவது காம்பராப் பெண் ஒரு கையில் ஈரத்துணி வாளியும் மறுகையில் பிள்ளையுமாக வெளியே வந்தாள். "கம்பியத் தொடாதடீ!" என்று கத்திக்கொண்டே பூமணி அக்கா உள்ளே ஓடி, தானே சுவிட்சை அணைத்தார். பல்ப் அணைந்தது; இன்வர்ட்டர் வழியாக மண்ணுக்குப் போகும் சுற்று அறுந்ததால் மீட்டரின் எண்ணும் விழுந்தது. சுந்தரம் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"முட்ட போனா நான் மலைக்குப் போவேண்ணே. இவ போனா அந்தப் புள்ள எங்க போகும்?"

நாலாவது ஸ்க்ரூ

அக்கா பெட்டியைக் கம்பளியால் சுற்றி, சுடுதண்ணிப் போத்தல்களை உள்ளே அடுக்கினார். நான் படங்குகளால் பேனல்களை மூடிவிட்டு, கூரையில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். முதலில் சுந்தரம் அண்ணன் வெட்டிய இடத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அது சுத்தமாக இருந்தது. இரண்டாவது பேனலைப் பிடித்திருந்த நாலாவது ஸ்க்ரூவுக்கு அடியில் வயர் நசுங்கி, உறை கிழிந்திருந்தது. காய்ந்த நாளில் பேசாமல் இருந்து மழையில் கசிகிற கிழிசல். அந்த ஸ்க்ரூவை முறுக்கியது நான்.

ஒன்றரை மணி நேரத்தில் வயரை மாற்றி, பச்சை வயரை மறுபடி இறுக்கினேன். படங்குகளை எடுத்துச் சுவிட்சைப் போட்டேன்; இன்வர்ட்டர் கத்தவில்லை. தப்பு யாருடையது என்பதையும் இறங்கி வந்து சொன்னேன். அக்கா போத்தல்களை வெளியே எடுத்தார். மூன்றாம் நாள் போன் வந்தது. பின்னால் கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல்.

"அறுவத்திரெண்டு வந்திருக்கு தம்பி. நல்லாயிருக்குதுக. ஒரு நாளைக்கு வந்து நீங்க முறுக்கின மத்த ஸ்க்ரூவையும் பாத்துட்டுப் போங்க."

வீட்டுக்காரர்கள் எதைக் கழற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருக்கும் நாங்கள், அவர்களைக் கழற்ற வைத்த எங்கள் தப்பு எது என்று பார்க்க மட்டும், இரண்டாம் தடவை போகும்போதுதான் ஏணியில் ஏறுகிறோம்.